என் சைக்கிள் பயிற்றுநரை மாற்ற வேண்டுமா?

கடிதத்திலிருந்து

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் எடிசனிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. ரத்தக் கொதிப்புக்கு மூன்று வருடமாக மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். கடைசி ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.1. பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறிப் போனபோது அவருடைய பெலோட்டான் சைக்கிளை, அதாவது திரையில் ஆன்லைன் வகுப்பைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் ஓட்டும் உடற்பயிற்சி சைக்கிளை, பாதி விலைக்கு வாங்கினார். நான்கு மாதமாக வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம் ஓட்டுகிறார். ஐந்து நாளும் ஒரே பயிற்றுநர்தான். பாட்டும் அரட்டையுமாகப் போகும் வகுப்பு. “அவர் பேச ஆரம்பித்தால் ஆபீஸ் கவலையெல்லாம் மறந்துவிடுகிறது” என்கிறார்.

டல்லஸில் இருக்கும் நாத்தனாரிடமும் அதே சைக்கிள் இருக்கிறது. அவர் ஓட்டுவது பவர் ஸோன் வகுப்புகள், அதாவது அவரவர் திறனை அளந்து உழைப்பைப் பிரிக்கும் வகுப்புகள். “அண்ணி, நீங்க பண்றது டான்ஸ் கிளாஸ், சைக்கிளிங் இல்லை” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதிவிட்டாராம். 45 நிமிடத்தில் அவருக்கு 330 வருகிற அவுட்புட் (மொத்த உழைப்பின் அளவு) இவருக்கு 235தான்.

இதற்கிடையில் வாசகிக்கு மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஓட்ட ஆரம்பித்து 25 நிமிடம் ஆனால் கால் விரல்கள் மரத்துப்போகின்றன. திரை தினமும் 390 கலோரி என்று காட்டியும் குறைந்தது ஒரே கிலோ. கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு 128ஐத் தாண்டுவதே இல்லை. அதனால் ‘போதுமான அளவு உழைக்கவில்லை’ என்று பெடலைக் கனமாக்கும் ரெசிஸ்டன்ஸ் குமிழை இன்னும் திருகுகிறார். சீட்டைக் கீழேயே வைத்திருக்கிறார், “பாதம் தரையில் எட்டினால்தான் தைரியம்” என்பதால்.

யார் சிறந்த பயிற்றுநர், நாத்தனாரின் பயிற்றுநருக்கு மாறிவிடவா, அதே நிறுவனத்தின் விலை கூடின பைக் பிளஸ் வாங்கினால் சரியாகுமா என்பவை அவருடைய கேள்விகள். நன்றி நாள் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வரும் மகளையும் சைக்கிளில் ஏற்றலாமா என்று கடைசியில் ஒரு வரி.

பதில்

உங்கள் பயிற்றுநரை நீங்கள் விட வேண்டியதில்லை. வாரம் ஐந்து நாளும் அவரோடு மட்டும் ஓட்டுவதை விட வேண்டும். நான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் சைக்கிளில் ஏறியிருக்கிறீர்கள் என்றால் அதில் பாதிப் பெருமை அவருடையது. ஏறவைக்கிற பயிற்றுநர் கிடைப்பது லேசான காரியமில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் சில அவருடைய பாணியிலிருந்து வருகின்றன. சில சைக்கிளை அமைத்த விதத்திலிருந்து வருகின்றன. ஒன்று உங்கள் மாத்திரையிலிருந்து வருகிறது. யாரைப் பின்பற்றினாலும் பின்னிரண்டும் உங்களோடுதான் வரும்.

‘சிறந்தவர் யார்’ என்று கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்: இவர் எவ்வளவு உழைக்கச் சொல்கிறார் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்? பாட்டின் தாளம், குமிழின் எண், உங்கள் சொந்தத் திறனில் ஒரு சதவீதம், மூச்சு வாங்கும் அளவு என்று நான்கு வழிகள் உண்டு. பயிற்றுநர்களுக்குள் இருக்கும் உண்மையான வேறுபாடு இதுதான். கலகலப்பு, கண்டிப்பு, பாட்டுத் தேர்வு எல்லாம் அதற்கு மேல் போட்ட சட்டை.

தாளத்தில் ஓட்டுபவர்கள்

இந்தப் பாணி நியூயார்க் ஸ்டூடியோக்களில் வளர்ந்தது. 2006இல் தொடங்கிய சோல்சைக்கிள் அதைப் பிரபலமாக்கியது. 2012இல் தொடங்கிய பெலோட்டான் அப்படிப்பட்ட ஸ்டூடியோ வகுப்பைத் திரைக்குக் கொண்டுவந்தது. நடனக் கலைஞராக இருந்து வந்த கோடி ரிக்ஸ்பி, நிறுவனம் முதன்முதலில் சேர்த்த பயிற்றுநரான ஜென் ஷெர்மன் போன்றவர்களின் வகுப்பில் பாட்டுதான் முதுகெலும்பு. ரிக்ஸ்பி பாப் பாடகர்களைப் பற்றி அரட்டை அடித்துக்கொண்டே போவார், ஷெர்மன் ராக் பாட்டோடு சேர்ந்து பாடுவார். நேரம் போவதே தெரியாது. உங்கள் பயிற்றுநரும் இந்த வகைதான்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கால் கீழே போனால், பாட்டின் வேகத்தில் பாதிதான் உங்கள் கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்குப் பெடல் சுற்றும் எண்ணிக்கை. நடனப் பாட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 120 முதல் 130 தாளம். அதில் பாதி 60 முதல் 65. இந்த வேகத்தில் குமிழ் லேசாக இருந்தால் கால் வெறுமனே சுற்றும், சுவாரசியம் இருக்காது. அதனால் பயிற்றுநர் ‘மலை ஏறுகிறோம், கூட்டுங்கள்’ என்பார். ஒரே வகுப்பில் இப்படி மூன்று நான்கு பாட்டு வந்துவிடும்.

இப்போது முழங்காலுக்கு வருவோம். 100 வாட் சக்தியை 62 சுற்றில் கொடுத்தால் பெடல் தண்டில் விழும் முறுக்குவிசை சுமார் 15.4 நியூட்டன் மீட்டர். அதே 100 வாட்டை 85 சுற்றில் கொடுத்தால் 11.2. உழைப்பு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் விழும் சுமை கால் பங்குக்கு மேல் குறைகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் 60 சொச்சத்தில் கனமாக மிதித்து, சீட்டையும் கீழே வைத்திருந்தால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் முதலில் முறையிடும். படி இறங்கும்போது முன்பக்கம் வலிப்பது இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

தாளப் பாணியில் இன்னொன்றும் உண்டு: பாட்டு வேகமாகும்போது 110, 115 சுற்று என்று ஓடவைப்பது. ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருக்கும்போது இடுப்பு சீட்டில் குதித்தால், அந்த நேரத்தில் உங்கள் காலைச் சுற்றுவது ஃபிளைவீல் என்ற முன்பக்கக் கனச் சக்கரம்தான். குதிப்பு நிற்கும்வரை குமிழைக் கூட்டுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். தாளம் தவறினால் யாரும் பார்க்கப்போவதில்லை. நேரலை வகுப்பில் பயிற்றுநருக்கு உங்கள் பெயர் தெரியலாம், உங்கள் முதுகு வளைந்திருப்பது தெரியாது. ஆன்லைன் வகுப்பின் பெரிய குறை இது, எந்தப் பாணியானாலும்.

எண் சொல்பவர்கள்

“ரெசிஸ்டன்ஸ் 45 முதல் 55, கேடன்ஸ் 80 முதல் 90” என்று கட்டளை வரும். வழக்கறிஞராக இருந்து பயிற்றுநரானவர், டைப் 1 சர்க்கரை நோயோடு அல்ட்ரா மாரத்தான் ஓடுபவர் ராபின் அர்சோன். அவருடைய வகுப்புகள் இந்த வகையில் சேரும். எண்ணைச் சொல்லி, கூடவே உங்களைத் தள்ளுவார். வேலை தெளிவாக இருக்கிறது, இலக்கு கண் முன்னால் நிற்கிறது என்பது இந்தப் பாணியின் பலம்.

பலவீனம் என்னவென்றால், 50 என்ற எண் 25 வயது ஓட்டப்பந்தய வீரருக்கும் உங்களுக்கும் ஒரே எண்ணாகவே வருகிறது. அந்த 50 ஒவ்வொரு சைக்கிளிலும் ஒன்றாகவும் இருக்காது. பழைய பெலோட்டான் சைக்கிளில் சக்தியை நேராக அளக்கும் மீட்டர் கிடையாது. காந்தம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது, பெடல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அளவுத்திருத்தம் சற்றே விலகியிருந்தாலும் ஒரே உழைப்புக்கு ஒரு சைக்கிளில் குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் காட்டும். ஆகவே நாத்தனாரின் 330ஐயும் உங்கள் 235ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை. உங்கள் சைக்கிளில் உங்கள் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள், அது மட்டும் உதவும். மற்றவர்களின் எண்களை வரிசைப்படுத்திக் காட்டும் லீடர்போர்டைத் திரையில் மறைத்துவிடலாம்; மறைத்துவிடுங்கள்.

இந்த வகுப்பு எடுத்தால் சொல்லும் வரம்பின் கீழ் எண்ணில் தொடங்குங்கள். அதுவும் கனமென்றால் கேடன்ஸை விட்டுவிடாமல் ரெசிஸ்டன்ஸைக் குறையுங்கள். நீங்கள் இப்போது செய்வது இதற்கு நேர்மாறு.

பவர் ஸோன் பயிற்றுநர்கள்

நாத்தனார் சொல்வதில் பாதி சரி. மேட் வில்பர்ஸ், டெனிஸ் மார்ட்டன், கிறிஸ்டின் டெர்கோல் ஆகியோர் எடுக்கும் பவர் ஸோன் வகுப்புகள்தான் ‘உங்களுக்கு எவ்வளவு’ என்பதை உங்களிடமிருந்தே எடுக்கின்றன. முதலில் ஒரு சோதனை: நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 20 நிமிடம் தாக்குப்பிடிக்கிற உச்ச வேகத்தில் ஓட்ட வேண்டும். அந்தச் சராசரி வாட்டில் 95 சதவீதம்தான் எஃப்.டி.பி., ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி. அதை வைத்து ஏழு ஸோன், அதாவது உழைப்பின் ஏழு படிகள். உதாரணமாக 20 நிமிடச் சராசரி 116 வாட் என்றால் எஃப்.டி.பி. 110. இரண்டாம் ஸோன் அதில் 56 முதல் 75 சதவீதம், அதாவது 62 முதல் 82 வாட். மூன்றாம் ஸோன் 90 சதவீதம் வரை, நான்காம் ஸோன் 105 வரை. பயிற்றுநர் “ஸோன் மூன்று, ஐந்து நிமிடம்” என்று மட்டும் சொல்வார். எந்தக் கேடன்ஸில், எந்த ரெசிஸ்டன்ஸில் அதை அடைவது என்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஒரு சுதந்திரம் போதும், வகுப்பை மாற்ற.

மூவரும் ஒரே அச்சு இல்லை. வில்பர்ஸ் கோச். ஏன் இந்த இடைவெளி, ஏன் இவ்வளவு ஓய்வு என்று உடலியலோடு விளக்குவார்; சிலருக்கு அது பாடம் நடத்துவது போலத் தோன்றும். மார்ட்டன் நிதானம், ‘நான் யோசனை சொல்கிறேன், முடிவு உங்களுடையது’ என்ற பொருளில் அவர் அடிக்கடி சொல்லும் வரி உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல மருந்து. டெர்கோல் டிராக் சைக்கிள் பந்தயக்காரர். மனதுக்குள் நம்மை நாமே திட்டிக்கொள்வதைப் பற்றி நிறையப் பேசுவார், பெடல் மிதிக்கும் நுட்பத்தையும் சொல்வார்.

நாத்தனார் சொல்லாமல் விட்ட பாதி இது: அந்த 20 நிமிடச் சோதனை உச்ச உழைப்பு. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர், முழங்கால் வலி உள்ளவர் அதை முதல் வாரமே செய்யக்கூடாது. உங்கள் மருத்துவரிடம் ‘20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டும் சோதனை’ என்று தெளிவாகச் சொல்லி அனுமதி வாங்கிய பிறகு, அதுவும் முழங்கால் அடங்கிய பிறகு செய்யுங்கள். அதுவரை பவர் ஸோன் எண்டியூரன்ஸ் வகுப்புகளைப் பேச்சுச் சோதனையை (எவ்வளவு பேச முடிகிறது என்பதை, கீழே சொல்கிறேன்) வைத்து ஓட்டலாம். அவற்றில் இரண்டாம், மூன்றாம் ஸோனோடு வேலை முடிந்துவிடும். பவர் ஸோன் மேக்ஸ் என்று தலைப்பிட்டதைத் தொடாதீர்கள்.

உணர்வை வைத்துச் சொல்பவர்கள்

ஆப்பிள் ஃபிட்னஸ் பிளஸ் சைக்கிள் வகுப்புகளில் ரெசிஸ்டன்ஸ் எண் வராது. எளிது, மிதம், கடினம், முழுமூச்சு என்ற நான்கு படிகள்தான். எந்த நிறுவனத்தின் சைக்கிளுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அப்படி. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் ஜிசிஎன் (குளோபல் சைக்கிளிங் நெட்வொர்க்) வகுப்புகள் பத்துக்கு எத்தனை என்று உழைப்பைச் சொல்லும். அங்கேயே வகுப்பு எடுக்கும் கேலி கோஹனும் கிட்டத்தட்ட இதே வழி. உங்கள் உடல்நிலைக்கு இப்போதைக்கு மிகப் பாதுகாப்பான மொழி இதுதான். காரணம் அடுத்த பத்தியில்.

128ஐத் தாண்டாத இதயம்

கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இது. மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. இதயத்துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. 220இல் வயதைக் கழித்து 173 என்றும், அதில் 85 சதவீதம் 147 என்றும் கடிகாரம் போடும் கணக்கு மாத்திரை எடுக்காதவர்களுக்கே பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படிப் போகும் தோராயம். உங்களுக்கு அது செல்லவே செல்லாது. உங்களுடைய 128 மற்றவருடைய 150ஆக இருக்கலாம். அதாவது, ஏற்கெனவே கடினமாக உழைத்துக்கொண்டிருக்கும்போது ‘போதவில்லை’ என்று குமிழைத் திருகியிருக்கிறீர்கள். இதயத்துடிப்பை வைத்துப் பெலோட்டான் போடும் ஸ்ட்ரைவ் ஸ்கோரும் இதே காரணத்தால் உங்களுக்குக் குறைவாகவே வரும். அதைப் பார்க்காதீர்கள்.

துடிப்பு ஏறட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவதோ, ஓட்டும் நாளில் விடுவதோ வேண்டாம். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். மாத்திரையே உடற்பயிற்சிக்குத் தடையாக இருக்கிறது என்று தோன்றினால் வேறு வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

அளவுகோலாக வாயை வைத்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் இரண்டாம் ஸோன். சின்னச் சின்ன வாக்கியம்தான் வருகிறது என்றால் மூன்று. மூன்று நான்கு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் நான்கு. அடுத்த நான்கு வாரம் நான்குக்குப் போக வேண்டாம். முடிக்கும்போது ஐந்து நிமிடமாவது லேசாகச் சுற்றிவிட்டு இறங்குங்கள். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும். பயிற்றுநர் 60 விநாடியில் கூல்டவுனை முடித்தால், தனியாக ஒரு ஐந்து நிமிடக் கூல்டவுன் வகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் வகுப்பை முடிக்க நினைக்காமல் நிறுத்திவிட்டு 911க்கு அழையுங்கள்.

சைக்கிளைச் சரிசெய்ய

எந்தப் பயிற்றுநரும் செய்து தர முடியாத வேலை இது. ஒரு சனிக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பி. உங்கள் சைக்கிள் பி.எல்-01 மாடலா என்று முன்பக்க ஃபோர்க்கின் உள்பக்கம், ஃபிளைவீலுக்கு அருகே பாருங்கள். 2018 ஜனவரி முதல் 2023 மே வரை அமெரிக்காவில் விற்ற அந்த மாடலின் சீட் போஸ்ட் உடையலாம் என்று 2023 மே மாதம் சுமார் 22 லட்சம் சைக்கிள்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. மாற்று போஸ்ட் இலவசம். பழைய உரிமையாளர் மாற்றினாரா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் அதுவரை ஓட்டாதீர்கள்; நிறுவனத்தைத் தொடர்புகொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பைக் பிளஸ் கேட்டீர்களே, அதற்கும் 2025 நவம்பரில் இதே காரணத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. உங்கள் பிரச்சினை எதையும் அது தீர்க்காது, பணத்தை வைத்திருங்கள்.

சீட் உயரம்: வெறுங்காலோடு ஏறி, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வேண்டும். பிறகு ஷூவோடு மாட்டினால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடிந்திருக்கும். பாதம் தரையில் எட்டாது, அது சரிதான். ஏறி இறங்குவதற்குத் தரை தேவையில்லை. பெடலை அடியில் நிறுத்தி, அதன்மேல் எழுந்து நின்று இறங்குங்கள். ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை சென்டிமீட்டர் வீதம் ஏற்றுங்கள். முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ இடுப்பு இருபுறமும் ஆடினாலோ அளவு மீறிவிட்டது.

சீட் முன்பின்: பெடல் தண்டு தரைக்குச் சமமாக இருக்கும்போது முன் முழங்கால் சில்லு பெடல் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். முன்னால் போயிருந்தால் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். ஹேண்டில்பார் இப்போதைக்கு சீட்டைவிடச் சற்று உயரமாகவே இருக்கட்டும்.

விரல் மரத்துப்போவதற்கு ஷூவைப் பாருங்கள். ஓட்டும்போது பாதம் வீங்கும்; ஆரம்பத்தில் இறுக்கிய பட்டை 25ஆம் நிமிடத்தில் நரம்பை அழுத்தும். முன்பட்டையைத் தளர்த்துங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஷூ அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளி, மூன்று திருகையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பெலோட்டானுக்கு லுக் டெல்டா வகைக் கிளீட்தான் பொருந்தும். கடையில் இரண்டு திருகு எஸ்பிடி வகையைத் தந்தால் வாங்காதீர்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். இந்தச் சைக்கிளில் நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் ஃபிளைவீல் பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை விடுவிக்கும் முன் குமிழை அழுத்தி நிறுத்துங்கள்.

390 கலோரி எங்கே போகிறது

திரையில் கலோரியைவிட நம்பத்தக்க எண் ஒன்று இருக்கிறது: அவுட்புட், கிலோஜூலில். மனித உடல் சைக்கிள் மிதிக்கும்போது எரிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். ஒரு கலோரி நான்கு கிலோஜூலுக்குச் சற்று மேல். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், அவுட்புட் கிலோஜூல் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு கலோரி. உங்கள் 235க்கு 235 முதல் 280 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு புரோட்டீன் பாரும் வாழைப்பழமும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பார் 200, பழம் 100. கணக்கு நேர். 45 நிமிட மிதமான ஓட்டத்துக்குப் பிறகு தனிச் சிற்றுண்டி தேவையில்லை, அடுத்த வேளைச் சாப்பாடே போதும்.

எடை குறையாவிட்டாலும் ஓட்டம் வீணில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தசை வேலை செய்தால் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும், எச்பிஏ1சி 6.1க்கு அது நேரடிப் பயன். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆசிய வம்சாவளியினருக்கு பிஎம்ஐ 23இலிருந்தே பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. உங்களுடையது 28.

அடுத்த நான்கு வாரம்

திங்கள், வெள்ளி: 30 நிமிட லோ இம்பாக்ட் வகுப்பு. இதில் சீட்டிலிருந்து எழ வேண்டியதில்லை. ஞாயிறு: 45 நிமிட பவர் ஸோன் எண்டியூரன்ஸ், பேச்சுச் சோதனையோடு. புதன்: உங்கள் அபிமானப் பயிற்றுநர், 30 நிமிடம், மூன்று விதிகளோடு: கேடன்ஸ் 75க்குக் கீழே போகாது; அவர் எழச் சொன்னாலும் எழுவதில்லை; மலைப்பாட்டு வந்தால் தாளத்தை விட்டுவிட்டுச் சொந்த வேகம். வகுப்பைத் தொடங்கும் முன்பே அதன் திட்டத்தைத் திரையில் பார்க்கலாம். மலைப்பாட்டு அதிகமுள்ள வகுப்பை அப்போதே ஒதுக்குங்கள். வியாழன் 20 நிமிட நடை.

செவ்வாய், சனி சைக்கிள் வேண்டாம். 20, 25 நிமிடம் தரையில் வலுப்பயிற்சி: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், படுத்து இடுப்பைத் தூக்குதல், பக்கவாட்டில் கால் தூக்குதல், சுவரில் தண்டால். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. வகுப்பில் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒன்று, இரண்டு பவுண்ட் எடையைத் தூக்கவைப்பார்களே, அது இதற்கு ஈடாகாது. சைக்கிள் எலும்பின் மேல் எடை விழாத பயிற்சி. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது எலும்புக்கு வேறு ஏதாவது தேவை.

இந்த வாரங்களில் புதிய பயிற்றுநர் இரண்டு பேரை 20 நிமிட வகுப்பில் பரீட்சித்துப் பாருங்கள். மாற்றம் வருவதற்கு முன்பே எச்சரிக்கிறாரா, எத்தனை விநாடி என்று சொல்கிறாரா? தோள், முதுகு, பிடி பற்றி எத்தனை முறை நினைவூட்டுகிறார்? முடியாதவர்களுக்கு என்ன மாற்று என்று சொல்கிறாரா, அல்லது ‘விடாதீர்கள்’ மட்டும்தானா? இந்த மூன்றிலும் தேறாதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் உங்கள் முழங்காலுக்கு வேண்டாம். ஆங்கிலம் வேகமாகப் போனால் பாட்டின் ஒலியைக் குறைத்துப் பயிற்றுநர் குரலைக் கூட்டும் வசதியும் பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதியும் இருக்கின்றன.

மகள் ஓட்டலாம். ஆனால் உங்கள் 45 நிமிட வகுப்பில் ஏற்றாதீர்கள். பழக்கமில்லாத இளம் வயதினர் முதல் நாளே முழு வகுப்பை வீம்புக்கு முடித்து, தொடைத் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ராப்டோமயோலிசிஸ் வந்து மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முதல் மூன்று தடவை 15, 20 நிமிடத் தொடக்க வகுப்பு, நிறையத் தண்ணீர். அடுத்த ஓரிரு நாளில் தொடை வீங்கினாலோ சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

உங்கள் முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, நடக்கும்போது மடிந்து போனாலோ நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். அப்படியெதுவும் இல்லாமல் நான்கு வாரத்துக்குப் பிறகும் படி இறங்கும் வலி பாதியாவது குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். நியூஜெர்சியில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே நேராகப் போகலாம். காப்பீடு பணம் தருமா என்பது வேறு விஷயம், போகும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். போகும்போது சைக்கிளில் நீங்கள் ஓட்டும் ஒரு நிமிட வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஷூவையும்.